தட்டுப் பார்த்த குட்டி

உப்பங்கழியோரத்துக் கொட்டகையிலிருந்து வெண்கலத் தட்டின் சத்தம் எழுந்தால் தாராவியின் அந்தச் சந்துக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். பிரம்மநாயகம் வீட்டு நாய் போட்ட குட்டிகளுக்கு இன்று பரீட்சை. குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள், "இந்த மனுசனுக்கு வேற சோலி கெடையாது" என்று சிரித்துவிட்டு, வரிசையில் ஓரடி முன்னால் நகர்வார்கள்.

அவருக்கு உண்மையிலேயே வேறு சோலி கிடையாது. தோல் கிடங்கில் வேலை பார்க்கத்தான் பம்பாய்க்கு வந்தார். வரும்போது ஒரு ராஜபாளையத்துப் பெட்டை நாயையும் ரயிலேற்றிக் கூட்டி வந்தார். அது போட்ட முதல் ஈற்றைச் செம்பூர் பங்களாக்காரர் ஒருவர் தற்செயலாகப் பார்த்தார். பார்த்தவர் ஒன்றை வாங்கிப் போனார். அவர் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் இன்னொன்று கேட்டார். அப்புறம் தோல் கிடங்கு யாருக்கு வேண்டும்? பிரம்மநாயகம் 'நாய்க்கார அண்ணாச்சி' ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

ராஜபாளையம் நாய்க்கு அழகே அந்தப் பால்வெள்ளைதான். மூக்கும் இளஞ்சிவப்பாக அமைந்துவிட்டால் வாங்க வருகிறவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். ஆனால் கடவுள் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறவர். அப்பழுக்கில்லாத வெள்ளையில் பிறக்கும் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காது. அதற்குத்தான் தட்டு. குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டித் தூங்கும் நேரம் பார்த்து, பின்னால் நின்று, தட்டில் கரண்டியால் ஓங்கி ஓர் அடி. திடுக்கிட்டு எழுகிற குட்டி விலைக்குப் போகும். எழாத குட்டி என்ன ஆகும் என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஊரில் நாய் வளர்த்த அவர் அப்பா காலத்தில் ஒரு தடவைதான் தட்டுவார்கள். பிரம்மநாயகம் குட்டியை மறுபக்கம் புரட்டிப் போட்டு, அது மறுபடி கண் அசந்ததும் இன்னொரு தடவையும் தட்டுவார். ஒற்றைக் காது மட்டும் செவிடாக இருந்தால் லேசில் கண்டுபிடிக்க முடியாது. கேட்கிற காது தரையில் அழுந்திக் கிடக்கும்போது தட்டினால்தான் குட்டு வெளிப்படும். "தட்டுப் பார்த்த குட்டி" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், செம்பூர்க்காரர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போவார்கள். அந்தப் பேர்தான் அவருடைய சொத்து.

டிராம் வண்டிகள் ஓய்ந்துபோகப் போகின்றன என்று பம்பாயே பேசிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், ஒரு நாள் காலை தட்டிய தட்டுக்கு ஒரு குட்டி அசையவில்லை. அந்த ஈற்றிலேயே வெள்ளையான குட்டி அது. இடது காதைத் தாயின் வயிற்றில் புதைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கியது. அவர் இன்னும் பலமாகத் தட்டினார். தாய் நாய் எரிச்சலோடு முறைத்தது. குட்டி மட்டும் கனவில் பால் குடித்துக்கொண்டிருந்தது. புரட்டிப் போட்டுத் தட்டியபோது துள்ளி எழுந்துவிட்டது.

தாய் நாய்க்குக் கஞ்சி கொண்டுவந்த அவர் மனைவி ஆறுமுகத்தாய், "என்ன, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள்.

"ஒரு குட்டிக்கு வலது காது செவிடு."

"எதுக்கு?"

"இருக்கதுலயே வெள்ளையா இருக்கே, அதுக்கு."

"ஐயையோ, செம்பூர் அம்மாவுக்கு அதைத்தானே சொல்லி வச்சிருந்திய?"

"அதான் சொல்லுதேன். வித்தா என்னைக்காவது தெரிஞ்சுபோவும். கொண்டாந்து மூஞ்சில எறிவாவ. எம்பேரு என்ன ஆவுறது?"

"அதுக்காவ முந்தி மாதிரி ஒண்ணும் செஞ்சிரப்படாது. சொல்லிட்டேன்" என்று ஆறுமுகத்தாய் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். 

பிரம்மநாயகம் கொஞ்ச நேரம் கழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் தெளிந்தது. "தேவ்நார்ல அந்தப் பட்டாளத்தார் இருக்காருல்லா, கணேசபாண்டியன்? கண்ணு தெரியாதவங்களுக்கு நாய் பழக்குதேன், தர்மமா ஒரு குட்டி குடுங்கன்னு நடையா நடந்தாரே, அவருக்குக் குடுத்திருவோம். சும்மா குடுத்ததை எவன் திருப்பிக் கொண்டாருவான்?"

"ஒத்தக் காதுன்னு சொல்லித்தானே குடுக்கப் போறிய?"

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாவ? நீ கஞ்சியை ஊத்து."

ஆறுமுகத்தாய் கஞ்சியை ஊற்றினாள். மேற்கொண்டு கேட்க அவளுக்கும் யோக்கியதை இல்லை. முந்தின நாள் மீந்து புளித்த சோற்றைத்தான் வாசலில் வந்து நிற்பவனுக்கு அவளும் போடுவாள். போட்டுவிட்டு, "இன்னைக்கு ஒரு தர்மம் செஞ்சேன்" என்று பக்கத்துவீட்டில் சொல்லிக்கொள்வாள். பல்லைப் பார்க்காதே என்று வாங்குகிறவனுக்குப் பழமொழி செய்து வைத்த உலகம், கொடுக்கிறவனுக்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

கணேசபாண்டியன் பட்டாளத்தில் நாய்களோடு காலம் கழித்துச் சுபேதாராக ஓய்வு பெற்றவர். தேவ்நாரில் ஒரு பொட்டலை வேலி போட்டு வளைத்து, கண் பார்வையற்றவர்களை வழிநடத்த நாய்களைப் பழக்க முனைந்திருந்தார். மாட்டுங்காவில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய உதவிச் சபை அவருக்குத் துணை நின்றது. எல்லாம் இருந்தும் நாய்தான் இல்லை. பம்பாயில் நாய் வளர்த்து விற்கிறவர்கள் ஒருவர் விடாமல் போய்ப் பார்த்தார். எல்லோரும் நல்ல டீ கொடுத்தார்கள். குட்டி கொடுக்கவில்லை.

அதனால் பிரம்மநாயகம் துண்டில் சுற்றிய குட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அந்த ஆறடி மனிதர் குழந்தை மாதிரி ஓடிவந்தார்.

"தட்டுப் பாத்தாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே குட்டியை வாங்கினார்.

"பாத்தாச்சு" என்றார் பிரம்மநாயகம்.

அந்தச் சொல்லில் பொய் எங்கே இருக்கிறது என்று எந்தக் கோர்ட்டிலும் யாராலும் காட்ட முடியாது. தட்டுப் பார்த்தது உண்மைதானே! என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. அடுத்த வாரமே சபைக் காரியதரிசி வந்து மாலை போட்டுப் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து, பிரம்மநாயகத்தின் ஒற்றை அறைக் கோலியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டது. காலையில் சாமிக்குப் பூ வைக்கும் ஆறுமுகத்தாய் அதற்கும் ஒரு பூ வைக்கத் தொடங்கினாள்.

செவிட்டுக் குட்டி எப்படியும் தேறாது, கழித்துக் கட்டி வேலியோரம் காவலுக்குப் போட்டிருப்பார்கள், சோற்றுக்குக் குறைவிருக்காது. இப்படிக் கணக்குப் போட்டு அவர் அந்தக் குட்டியை மறந்தேபோனார். 

மறு வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம் காரியதரிசி நேரிலேயே வந்து அழைத்தார். "மிஸ்டர் பிரம்மநாயகம், நீங்க டொனேட் பண்ணின நாய் ட்ரெயினிங் முடிச்சுடுத்து. ஞாயித்துக்கிழமை மாட்டுங்கால ஃபங்ஷன். உங்க கையாலதான் ஒருத்தருக்குக் குடுக்கணும்."

"எந்த நாயி?" என்றார் பிரம்மநாயகம்.

"என்ன இப்படிக் கேக்கறேள்? நீங்க குடுத்த வெள்ளைக் குட்டிதான், பஞ்சு!"

விழா மண்டபத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவரால் உட்கார முடியவில்லை. வேட்டியைச் சரிசெய்தார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், மறுபடி வந்து உட்கார்ந்தார். மேடையில் பஞ்சு நின்றது. தும்பைப் பூப் போல வெள்ளையாக, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. தோல் வாரும் கைப்பிடியும் பூட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கைகட்டி நின்றார்.

அவர் பெயர் காசிம். அவரும் தாராவிதான், தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்தான். தோல் பதனிடும் கொட்டடியில் சுண்ணாம்புத் தொட்டி வெடித்துச் சிதறியதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. இப்போது மாட்டுங்காவில் ஒரு பட்டறையில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறார். காலையில் மனைவி ஹபீபா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் கூட்டிவர வேண்டும். அதனால் அவளும் எந்த வேலைக்கும் போக முடியவில்லை. இதையெல்லாம் காரியதரிசி ஒலிபெருக்கியில் உருக்கமாகச் சொன்னபோது பலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

"காசிம், நாயைக் கூப்பிடுங்க பாப்போம்" என்றார் கணேசபாண்டியன்.

"பஞ்சு!" என்றார் காசிம்.

நாய் ஒரு சுற்றுச் சுற்றியது. மேடையின் அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது, காசிமைக் கண்டதும் துள்ளிப் போய் அவர் முழங்காலில் மூக்கை வைத்தது.

"எப்பக் கூப்பிட்டாலும் இப்படி ஒரு சுத்துச் சுத்திட்டுத்தான் வரும்" என்று கணேசபாண்டியன் பெருமையோடு சொல்ல, மண்டபமே கைதட்டிச் சிரித்தது. பிரம்மநாயகம் மட்டும் கை தட்டவில்லை. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. சுற்றிப் பார்த்துத்தான் ஆளைத் தேட வேண்டும். அது அவருக்குத் தெரியும்.

மேடைக்கு அழைத்தார்கள். வாரைக் கையில் கொடுத்தபோது காசிம் அவருடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நாய்க்கார அண்ணாச்சியா? தாராவில ஒங்க தட்டுச் சத்தத்தை நானும் கேட்டிருக்கேன். அல்லா ஒங்களை நல்லா வைக்கணும். நாளையிலருந்து எம் பொண்டாட்டி வேலைக்குப் போறா அண்ணாச்சி. இனி எனக்குக் கண்ணு இதுதான்."

இப்போது சொல்லிவிடலாம் என்று பிரம்மநாயகம் வாயைத் திறந்தார். அதற்குள் காரியதரிசி மாலையைக் கழுத்தில் போட்டார். விளக்கு பளிச்சென்று அடித்தது. திறந்த வாயோடு அவர் இன்னொரு போட்டோவில் விழுந்தார்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. சோற்றில் கை வைப்பார், எழுந்துவிடுவார். கொட்டகைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, போட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார். வீட்டில் அப்போது ஒரு புது ஈற்று இருந்தது. ஏற்கெனவே சோதித்த குட்டிகளையே மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தார்.

"ஏங்க, நேத்துத் தட்டுனதையே இன்னைக்கும் தட்டுதிய? நல்லாருக்க காதும் செவிடாயிரும்" என்று ஆறுமுகத்தாய் தட்டைப் பிடுங்கி வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போய்ச் சொல்லிருங்களேன்" என்றாள்.

"என்னத்தைச் சொல்ல?"

"என்னத்தைன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் குட்டியை மடியில போட்டு வச்சிருந்தவ நான்தானே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தேவ்நாருக்கு பஸ் ஏறினார். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட, திரும்பி நடந்து வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு புதுக் குட்டிகள் கணேசபாண்டியனின் பூட்ஸைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தன.

"வாங்க அண்ணாச்சி! பாத்தியளா? எல்லாம் ஒங்க புண்ணியம்" என்று அவர் பூரித்துப்போனார். "பஞ்சு பாஸ் பண்ணின சேதி கேட்டதும் பாந்த்ரா சேட் ஒருத்தரு இதைக் குடுத்தாரு. செவிட்டுச் சாதின்னு பேரெடுத்த ராஜபாளையமே தேறிருச்சே, எங்க நாய் தேறாதான்னு வீம்புல இன்னொருத்தரு அதைக் குடுத்தாரு. ஒங்களைப் பாத்துத்தான் எல்லாரும் மனசு எறங்குதாவ."

பிரம்மநாயகம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சொன்னால் இந்த மனிதரின் பொட்டலுக்கே பூட்டுப் போட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். அந்தப் பயத்துக்குப் பின்னால் தன் பேர் போய்விடுமே என்ற பழைய பயமும் ஒளிந்து நின்றது. முன்னதைச் சாக்காக வைத்துப் பின்னதைக் காப்பாற்றிக்கொள்வது மனித சுபாவம்.

"காசிமுக்கு... ரோடு கடக்கதெல்லாம் சரியா வருதா?" என்று மட்டும் கேட்டார்.

"அவருக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி வச்சிருக்கேன். நாய் நின்னா நில்லு, நாய் நடந்தா நட. ஒன் காது சொல்லுததைக் கேட்டு நாயை இழுத்தேன்னா ரெண்டும் கெட்டுப்போவும். நாயை நம்பினவனுக்குத்தான் நாய்."

அதைக் கேட்டதும் பிரம்மநாயகம் மனத்துக்குள் அந்த ரோட்டைக் கடந்து பார்த்தார். நாய் ஆளுக்கு இடப்பக்கம் நடக்கும். அதன் வலப்பக்கத்தை ஆளே மறைத்துக்கொண்டிருப்பார். சாலையில் இறங்கினால் முதலில் வண்டி வருவது வலப்பக்கம். கண்ணுக்கும் மறைவு, காதும் செவிடு. வந்த வழியே திரும்பியவர் டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, அது வருமுன் எழுந்து போய்விட்டார். கடைக்காரன் பின்னாலிருந்து, "அரே அண்ணாச்சி, சாய்!" என்று கத்தியது காதில் விழவில்லை.

மறுநாள் காலை காசிம் கிளம்பும் நேரம் பார்த்து அவர் சந்து முனையில் காத்து நின்றார். இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று வந்தவர், காசிமும் பஞ்சுவும் வெளியே வந்ததும் சொல்லாமல் பின்னால் நடந்தார்.

காசிம் நடந்த நடையைப் பார்க்க வேண்டும்! சுவரைத் தடவவில்லை, காலால் தரையைத் துழாவவில்லை. ஒரு கையில் நாயின் கைப்பிடி, மறு கையில் சாப்பாட்டுத் தூக்கு. நிமிர்ந்த தலையோடு, வேலைக்குப் போகிற ஆம்பிளையாக நடந்தார். சாக்கடைப் பள்ளம் வந்த இடத்தில் பஞ்சு ஒதுங்கி வழி காட்டியது. குறுக்கே நின்ற கைவண்டியைச் சுற்றிக்கொண்டு போனது. "க்யா பாத் ஹை, காசிம் பாய்!" என்று வெற்றிலைக் கடைக்காரன் மெச்சிக் கூவினான். பிரம்மநாயகத்துக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. ஒருவேளை ஒன்றும் ஆகாதோ?

பெரிய ரோட்டு முனை வந்தது. பஞ்சு ஓரத்தில் நின்று இடப்பக்கம் பார்த்தது, எதிரே பார்த்தது. பாதை காலியாக இருந்தது. அது இறங்கியது, காசிமும் இறங்கினார். அதே நொடியில் வலப்பக்கத்துச் சந்திலிருந்து தோல் கட்டுகள் ஏற்றிய லாரி ஒன்று திரும்பியது. அதன் இரைச்சல் பின்னால் நின்ற பிரம்மநாயகத்தின் காதை அடைத்தது. நாயின் நடை மாறவில்லை. காசிம் ஒரு கணம் தயங்கினார். தலை வலப்பக்கம் திரும்பியது. ஆனால் நாய் நடந்தது, அவரும் நடந்தார்.

"பஞ்சு! நில்லு! நில்லு!" என்று பிரம்மநாயகம் அலறினார்.

நாய்க்குக் கேட்டுவிட்டது. எங்கிருந்து என்று தெரியாமல் நடு ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றியது. வார் காசிமின் காலில் சிக்க, அவர் குப்புற விழுந்தார். லாரி கிறீச்சிட்டு நின்றபோது அதன் முன்சக்கரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கு நசுங்கிக் கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளிக் காசிமின் கை கிடந்தது.

"அந்தா ஹை க்யா?" என்று டிரைவர் தலையை நீட்டி, குருடனா நீ என்று இந்தியில் வைதான். கறுப்புக் கண்ணாடி தரையில் கிடந்ததைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பிரம்மநாயகம் காசிமைத் தூக்கி ஓரத்துக் கடைப் பலகையில் உட்காரவைத்தார். முழங்கையிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றுமில்லை. பஞ்சு நடுங்கிக்கொண்டு காசிமின் காலடியில் சுருண்டு படுத்தது.

"ஒங்களுக்குச் சத்தமே கேக்கலையா பாய்?" என்றார் பிரம்மநாயகம்.

"நல்லாக் கேட்டுது அண்ணாச்சி. வலது பக்கம் லாரி வருதுன்னு எங்காது சொல்லுச்சு. ஆனா நாய் நிக்கலையே! நாய் நிக்கலைன்னா பயமில்லைன்னு நெனைச்சேன். எங்காதைவிட அதுக்குக் காது கூர்மைன்னுல்லா சுபேதார் ஐயா சொன்னாரு."

பிரம்மநாயகத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சுற்றிக் கூட்டம் நின்றது. தெரிந்த முகங்கள் பாதி. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாய், அதுக்கு வலது காது கேக்காது. பொறவியிலேயே செவிடு. தட்டுப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். விக்க முடியாதுன்னுதான் தானம்னு குடுத்தேன். யாருகிட்டயும் சொல்லல. மாலையும் போட்டுக்கிட்டேன்."

கூட்டத்தில் ஒருவன் பிரம்மநாயகத்தை ஆத்தாள் பேர் சொல்லி வைதான். காசிம் கையைக் காட்டி அவனை அடக்கினார். குனிந்து, நாயின் தலையைத் தேடிப் பிடித்து, அதன் வலது காதை இரண்டு விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு வேண்டாததைக் குடுத்திய. அதுல எனக்கு வருத்தமில்ல அண்ணாச்சி" என்றார் கடைசியில். "எங்களுக்கு வாறதெல்லாம் அப்படித்தான் வரும். பழைய சட்டை குடுப்பாவ. கிழிசல் எங்க இருக்குன்னு தெரிஞ்சா ஹபீபா தைச்சுக் குடுத்துருவா, நான் போட்டுக்கிடுவேன். நீங்க கிழிசலை உள்ள மறைச்சு, மேல இஸ்திரி போட்டுக் குடுத்துட்டியளே. எனக்குக் கண்ணுதான் இல்லாம இருந்துது. நல்லாருந்த காதையும் ஒங்க தானத்தை நம்பி நான் அடைச்சுக்கிட்டேன்."

பிரம்மநாயகம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நாயை நான் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருதேன் பாய். வேற குட்டி..."

"எதுக்கு?" என்று காசிம் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். "இது பொய் சொல்லலியே. இடது பக்கமும் முன்னாலயும் இது பாத்துக்கிடட்டும். வலது பக்கத்துக்கு எங்காது இருக்கு. இனி ரோட்டோரத்துல இது எறங்கச் சொன்னாலும் நான் கேட்டுட்டுத்தான் எறங்குவேன். தெரிஞ்சிருந்தா மொத நாளே அப்படிப் பழகியிருப்போமே, அவ்வளவுதானே விஷயம்!"

அன்று மதியமே பிரம்மநாயகம் தேவ்நாருக்குப் போய்க் கணேசபாண்டியனிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அந்தப் பட்டாளத்துக்காரர் வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினார். அதோடு, கூப்பிட்டதும் நாய் சுற்றியதைப் பார்த்துச் சிரித்த தன்னையும் சேர்த்து ஏசிக்கொண்டார். ஏசி முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, காசிமையும் பஞ்சுவையும் புதிதாகப் பழக்க தாராவிக்குக் கிளம்பினார். விஷயம் பரவியது. செம்பூரில் அநேகம் பேர் பிரம்மநாயகத்தின் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆறுமுகத்தாய் முருகனுக்குப் பக்கத்திலிருந்த போட்டோவைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். வாசலில் வந்து நிற்பவனுக்கு அன்றன்று பொங்கிய சோற்றையே போட்டாள். அதைப் பக்கத்துவீட்டில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரம்மநாயகம் மறுபடி தேவ்நாரில் இறங்கினார். துண்டுக்குள் ஒரு குட்டி, கக்கத்தில் வெண்கலத் தட்டு. புது ஈற்றின் தலைக் குட்டி அது. நல்ல எலும்பு, நல்ல துடிப்பு. அதுதான் வேண்டும் என்று செம்பூர் அம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். பேர் கெட்டபின்னும் அவரிடம் குட்டி கேட்ட ஒரே ஆள் அந்த அம்மாள்தான். அவளுக்குக் கைவிரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

சபைக் காரியதரிசி அங்கே இருந்தார். தானம் என்று வந்துவிட்டால் பழைய குற்றமெல்லாம் அவருக்கு மறந்துபோகும். "இருங்கோ, ஒரு மாலைக்குச் சொல்றேன்" என்று பரபரத்தார்.

"மாலை வேண்டாம். செத்த நேரம் சும்மா நில்லுங்க" என்றார் பிரம்மநாயகம்.

குட்டியை நிழலில் கிடத்தினார். அது தூங்கும்வரை காத்திருந்தார். பிறகு எல்லோரும் பார்க்க, பின்னால் நின்று தட்டினார். குட்டி துள்ளி எழுந்தது. மறுபடி தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தார். மறுபக்கம் புரட்டினார். தட்டினார். அது மறுபடியும் துள்ளி எழுந்து, பயந்துபோய் அவர் காலுக்கடியிலேயே ஒண்டிக்கொண்டது. அவர் குட்டியைத் தூக்கிக் கணேசபாண்டியன் கையில் கொடுத்தார். தட்டையும் கரண்டியையும் கூடவே கொடுத்தார்.

"இதையும் வச்சுக்கிடுங்க. இனிமே எவன் தானம்னு கொண்டாந்தாலும், நானே கொண்டாந்தாலும், தட்டிப் பாத்து வாங்குங்க" என்றார்.

காரியதரிசிக்குச் சங்கடமாக இருந்தது. "தானமாக் குடுக்கறதுக்குப் போய் எதுக்கு ஸ்வாமி இவ்வளவு சோதனை? விக்கறதானா சரி."

பிரம்மநாயகம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"விலைக்கு வாங்குதவன் கெட்டுப்போச்சுன்னா திருப்பிக் கொண்டாந்து எம்மூஞ்சில எறிவான்யா. தானம் வாங்குதவன் அதையே தலையில வச்சுக்கிட்டு நடப்பான், நம்பி நடு ரோட்டுல எறங்குவான். அப்போ யாருக்கு ரெண்டு தடவை தட்டிப் பாக்கணும்? நம்ம வீட்டுக்கு ஆகாததை அடுத்தவன் வாசல்ல கொட்டுறதுக்குத் தானம்னு பேரு வைக்கக் கூடாது. குடுத்தா நம்ம புள்ளைக்குக் குடுக்க மாதிரி குடுக்கணும். குறை இருந்தா வாயைத் தொறந்து சொல்லிக் குடுக்கணும்."